நிரையும் நியாயமும்

ஒரு வேலையை முடிக்க எத்துணை உழைப்பு வேண்டுமென்பதை, அவ்வேலையைத் தொடங்குமுன் நேராக அறிந்துகொள்ளும் வழி மனிதனுக்கு இல்லை. முன்பு செய்த வேலையொன்றை நினைவில் எடுத்து, அதன் பக்கத்தில் இதனை நிறுத்தி, “அதற்கு அவ்வளவு ஆயிற்று, இதற்கு இவ்வளவு ஆகலாம்” என்று சொல்லுவதே உலக வழக்கு. கிணறு வெட்டுகிறவன் பக்கத்துத் தோப்பில் வெட்டிய கிணற்றை நினைக்கிறான். கல்யாணத்திற்குச் சமைக்கிறவர் சென்ற ஆவணியில் இருநூறு இலை விழுந்த பந்தியை நினைக்கிறார். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று நம் பாட்டிமார் சொல்லுவதும் இவ்வகை அறிவே.

ஆனால் அப்பழமொழியில் சொல்லாமலே அடங்கியிருக்கும் நிபந்தனைகள் இரண்டு உண்டு. முதலாவது, பதம் பார்க்கும் சோறு அதே பானையிலிருந்து எடுத்ததாயிருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பானையில் எடுத்ததைக் கொண்டு நம் பானை வெந்துவிட்டதென்று சொல்லுதல் கூடாது. இரண்டாவது, பதம் பார்க்கிறவரும் அந்தச் சோற்றை உண்ணப்போகிறவராயிருக்க வேண்டும். பார்ப்பவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர் என்றாகும்போது வேகாத சோறும் வெந்ததென்று இலையில் விழும். இவ்விரு நிபந்தனைகளும் மீறப்பட்டதனால் நம்மவர் அடைந்த நஷ்டம் சிறிதன்று. அதனைத் தோட்டங்களின் சரித்திரத்தைக் கொண்டே இங்கு விளக்க எண்ணுகிறேன்.

நான் குடியிருப்பது மலாக்கா நகரை அடுத்த தெங்கேராவில். அரண் என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லே திரிந்து இவ்வூருக்குப் பெயராயிற்று என்பர். 1728-இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் எங்கள் தெருவுக்கு அழகு செய்கின்றது. அங்கிருந்து விடியுமுன் புறப்பட்டு, தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணி நான். மரத்தை வெட்டும் உளி தொழிலாளர் கையில் இருக்கிறது. அவ்வேலையை அளக்கும் புத்தகம் என் கையில் இருக்கிறது. ஆதலால் இவ்விஷயத்தில் நான் வெறும் பார்வையாளனல்லன், கட்சிக்காரனும் ஆவேன்.

தோட்டம் அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல்லை விளக்கிவிடுவது நலம். ஒரு தொழிலாளி ஒரு நாளில் வெட்டிப் பாலெடுக்க வேண்டிய ரப்பர் மரங்களின் தொகுதிக்கு எங்கள் பக்கத்தில் நிரை என்று பெயர். நிரை எத்தனை மரம் என்று முடிவு செய்வதே ஒருவருடைய நாளின் நீளத்தை முடிவு செய்வதாகும். அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

1876-இல் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளிற் சில 1877-இல் சிங்கப்பூர் சேர்ந்தன. 1888 முதல் அங்குத் தாவரத் தோட்டத்தின் தலைமை வகித்த ரிட்லி என்பார், தோட்டக்காரர்களைக் காணுந்தோறும் ரப்பர் நடுங்கள் என்று வற்புறுத்தினார். காப்பியிலும் மரவள்ளியிலும் மனம் வைத்திருந்தோர் அவரைப் பித்தர் என்று எள்ளினர். அவர் சொல்லைச் செவிமடுத்தவர் எங்கள் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார். சிங்கப்பூரில் மருத்துவமனை நிறுவிய டான் டொக் செங் என்பாரின் பேரர் இவர். 1896-இல் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறக்குறைய 40 ஏக்கரில் இவர் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு மலாக்கா மண்ணே தாய்வீடு என்று சொன்னால் மிகையாகாது.

அன்றைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வரிசையாக நட்ட ரப்பர்த் தோட்டத்தில் ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை மரம் வெட்டலாமென்பதற்கு அக்காலத்தில் எதனை ஒப்பாக எடுத்துக்கொள்வது? அமேசான் காட்டில் பால் எடுத்தோர் உண்டு. ஆனால் அங்கு மரங்கள் காடெங்கும் சிதறி நின்றன. ஒருவர் கோடரியும் கையுமாக நெடுவழி நடந்து நூறு, நூற்றைம்பது மரங்களைக் கொத்திப் பாலெடுத்தார். இங்கோ மரம் மரத்தை அடுத்து நின்றது. கோடரியால் கொத்தும் முறையும் இங்கு வேண்டுவதாயில்லை. வெட்டிய வாயையே மீண்டும் மெல்லியதாய்ச் சீவிப் பட்டைக்குச் சேதமின்றிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி சோதனை செய்து கண்டார். ஆகவே இத்தொழில் தொடங்கியபோது ஒப்பிடத் தக்க முன்வேலை உலகில் எங்கும் இல்லை. ஒப்பு இல்லாதவிடத்தில் அறிவுடையோர் செய்யத்தக்கது யாது? சோதித்துப் பார்ப்பதே. மரத்தின் விஷயத்தில் அச்சோதனை பொறுமையோடு நடந்தது.

மனிதன் விஷயத்திலோ அவ்வளவு பொறுமை காட்டப்படவில்லை. முந்நூறு, நானூறு மரங்கள் ஒரு நிரை என்ற வழக்கு நாளடைவில் நிலைத்தது. பிறகு புதிய காடு பால்வெட்டுக்குத் திறக்கப்படும்போதெல்லாம், “பக்கத்துக் காட்டில் இத்தனை, ஆதலால் இங்கும் இத்தனை” என்று எழுதிவிடுவது எளிதாயிற்று. ஒரு நிரையைப் போல மற்றொரு நிரை இருப்பதாகக் கொள்ளுவது காகிதத்திற்குப் பொருந்தும், காட்டிற்குப் பொருந்தாது. சமநிலத்து மரமும் மேட்டில் படிபடியாக வெட்டிய வரிசையின் மரமும் எண்ணிக்கையில் ஒன்றே, காலுக்கு ஒன்றல்ல. இளமரத்தின் மெல்லிய பட்டையும் கிழமரத்தின் முடிச்சு விழுந்த பட்டையும் கைக்கு ஒன்றல்ல. பால் நிறைந்த வாளியோடு நிறுவைக் கொட்டகைக்குப் போகும் தூரமும் நிரைக்கு நிரை வேறு.

இவற்றினும் பெரியதொரு காரணம் உண்டு. ரப்பர் மரத்தின் பால் நேரம் பார்க்கும். விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாய் விடத் தொடங்கியதும் அது தளர்ந்துவிடும். ஆகையால் கடினமான நிரையைப் பெற்றவர் இருமுறை தண்டிக்கப்படுகிறார். அதிக நேரம் உழைக்க வேண்டியது ஒரு தண்டனை. கடைசி மரங்களுக்குப் போய்ச் சேருமுன் வெயில் ஏறிவிடுவதால் பால் குறைந்து, நிறுவையும் குறைந்து, கூலியும் குறைவது இரண்டாவது தண்டனை. இவற்றிற்கு மேலாக, “சோம்பேறி” என்ற பட்டமும் கிடைக்கும்.

நிற்க. அளவைச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடொன்றின் கதையையும் இங்கு ஒப்புநோக்க வேண்டும். 1879 முதல் 1916 வரை பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 60,000-க்கு மேற்பட்டவர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாக நம் தமிழ் மக்களும் தெலுங்கரும் சென்றனர். பாரதியார் மனம் நொந்து பாடிய கரும்புத் தோட்டங்கள் அங்குள்ளவையே. உடல் வலியுள்ள சாதாரண ஆண் ஒருவன் 6 மணி நேரம் இடைவிடாது உழைத்துச் செய்யக்கூடிய வேலையே ஒரு நாட்பங்கு; பெண்ணுக்கு அதில் முக்கால் பங்கு; ஆணுக்குக் கூலி 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ் என்பது அந்நாட்டு விதி. படிக்கும்போது இது நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தச் “சாதாரண ஆண்” யார்? அவனைத் தேர்ந்தெடுத்தவர் யார்? பங்கை அளந்து விட்டவர் தோட்டத்து மேற்பார்வைக்காரர். அதனை முடிக்க இயலாதவர் நியாயஸ்தலத்தில் குற்றவாளியாய் நிறுத்தப்பட்டார். ஆறு மணி நேரத்து வேலையென்று எழுதப்பட்டது பொழுது சாயும்வரை இழுத்ததென்ற முறையீடு அங்கு ஓயாது எழுந்தது.

வலியவனை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அவன் செய்ததைச் சாதாரண ஆளின் வேலையென்று எழுதுவது அடிமைப்பட்ட நாடுகளில் மட்டும் நடந்ததென்று எண்ணவேண்டா. அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்னும் பொறியியலாளர், 1899-இல் ஓர் இரும்பாலையில் தாம் செய்த சோதனையை 1911-இல் வெளியிட்ட தம் நூலில் பெருமையோடு விவரித்தார். நாளொன்றுக்கு ஓர் ஆள் 12½ டன் இரும்பு தூக்கிய இடத்தில், தாம் தேர்ந்தெடுத்த ஒருவனைக் கொண்டு 47½ டன் தூக்கச் செய்ததாக அவர் எழுதினார். அவர் சொன்னவாறே யாவும் நடந்ததா என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். அது எவ்வாறாயினும் ஆகுக. பலருள் பொறுக்கியெடுத்த ஒருவன் பலருக்கும் அளவாவது எங்ஙனம்? தெருவில் ஓடுகிறவர்களில் முதலில் வந்தவனைக் காட்டி, ஏனையோரை நொண்டிகள் என்று சொல்லலாமா?

மீண்டும் மலாயாவுக்கு வருவோம். இங்கு நடந்தது இன்னும் விசித்திரமானது. 1920-களின் இறுதியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு விதித்த திட்டக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலக மந்தம் வந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார் 1937-இல் அறிக்கை வெளியிட்டார். மறு ஆண்டே கூலி மீண்டும் குறைக்கப்பட, உதவிபெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை இந்தியா 1938-இல் தடுத்துவிட்டது. இவை பலரும் அறிந்த செய்திகள். கவனிக்க வேண்டுவது அந்த 50-க்கும் 40-க்கும் இடையிலுள்ள 10 காசு. பெண் வெட்டிய மரம் ஆண் வெட்டிய மரத்தைவிடச் சிறியதா? அவள் வாளியில் பால் தண்ணீராயிற்றா? அல்ல. இங்கு வேலை வேலையோடு ஒப்பிடப்படவில்லை. ஆணா பெண்ணா என்பதே ஒப்பிடப்பட்டது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நாதன் முதலியோர் முன்னின்று எழுப்பிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலிக்குச் சமமான கூலி தங்களுக்கும் வேண்டுமென்பது. அஃதாவது, “எங்கள் வேலையை அவர்கள் வேலையோடு வைத்துப் பாருங்கள்” என்று தொழிலாளரே கேட்டனர். அதற்குக் கிடைத்த விடை யாது? படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இங்கேதான் சரித்திரத்தின் சூது வெளிப்படுகின்றது. நிரையைக் கூட்ட வேண்டும்போது எல்லா மரமும் ஒன்று, எல்லாக் காடும் ஒன்று, எல்லா ஆளும் ஒன்று என்றார்கள். கூலியைக் கூட்டவேண்டி வந்தபோது ஆண் வேறு, பெண் வேறு, தமிழன் வேறு, சீனன் வேறு என்றார்கள். ஒப்பு என்னும் கருவி கொடுக்கிறவர் பக்கம் சாயும்போது கூர்மையாகவும், வாங்குகிறவர் பக்கம் திரும்பும்போது மழுங்கலாகவும் ஆக்கப்பட்டது. சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்ற சர்வதேச உடன்படிக்கை 1951-இல் உருவாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியோடு சமமானது 1984-இல்தான். மலேசியா அவ்வுடன்படிக்கையை ஏற்று ஒப்பமிட்டது 1997-இல். மரத்துக்கு மரம் ஒன்றென்று ஒரு நாளில் கண்டுகொண்டவர்களுக்கு, மனிதருக்கு மனிதர் ஒன்றென்று காண இத்தனை ஆண்டுகள் பிடித்தன!

இவ்வளவு சொல்லிவிட்டு என் குற்றத்தை மறைப்பது முறையன்று. நான் வேலைக்கமர்ந்த புதிதில் ஒரு தோட்டத்தில் புதிய காடொன்று பால்வெட்டுக்குத் திறக்கப்பட்டது. நிரைக்கு எத்தனை மரம் போடலாமென்று மானேஜர் கேட்டார். பக்கத்துக் காட்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரே இன மரம், ஒரே வயது, அங்கு 500. இங்கும் 500 என்று எழுதினேன். காட்டிற்குள் நான் கால் வைக்கவில்லை. சில வாரங்களில் ஓர் அம்மாளின் நிறுவை மட்டும் நாள்தோறும் குறைந்து வந்தது. “வயதாகிவிட்டது, கை ஓயவில்லையா?” என்று தண்டல் சொன்னார், நானும் அதை நம்பினேன். ஒருநாள் அந்த அம்மாள் என் மேசை முன் வந்து நின்று, “கிராணி ஐயா, கணக்கைத் திருத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் என் பின்னாலே நடந்து பாருங்கள், அது போதும்” என்றார்.

நடந்தேன். நிரையின் நடுவே ஓடை ஒன்று குறுக்கிட்டது. அதைக் கடக்கப் பாலம் இல்லை, சுற்றிப் போகவேண்டும். அப்பால் உள்ள வரிசைகள் செங்குத்தான மேட்டில் இருந்தன. பக்கத்துக் காட்டில் வெட்டு முடிந்து மற்றவர் பால் சேர்க்கத் தொடங்கிய வேளையில், இவர் முன்னே இன்னும் நூறு மரங்கள் நின்றன. வெயில் ஏறிவிட்டது. கடைசி மங்குகளில் விழுந்த பால் அடியை மறைக்கவும் போதவில்லை. அன்றே 500-ஐ 420-ஆக்க வேண்டுமென்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன், நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கழிந்த மாதங்களில் அவர் இழந்த கூலி திரும்பி வரவில்லை. அந்த நஷ்டத்திற்குக் காரணம் கொடுங்கோலன் எவனும் அல்லன். ஒப்புச் சரிதானா என்று பாராமல் எழுதிய என் பேனாவே.

அப்படியானால் அளவே வேண்டாமென்று சிலர் சொல்லக்கூடும். அது விவேகமாகாது. அளவில்லாத வேலைக்கு முடிவும் இல்லை. அமெரிக்காவில் கரோலினா நாட்டு நெல்வயல்களில் அடிமைகளாய் உழைத்த ஆப்பிரிக்க மக்களுக்குப் பங்கு வேலை முறை இருந்தது. ஒரு பங்கு என்பது ஏறக்குறைய கால் ஏக்கர். பக்கத்திற்கு 105 அடி. அதனை முடித்தபின் எஞ்சிய பொழுது தமதென்ற வழக்கை அவர்கள் விடாப்பிடியாகக் காத்தனர். கால் முதல் தலை வரை பிறர் உடைமையாயிருந்த மக்களுக்கும், நிலைத்த அளவொன்று சிறிது பொழுதைச் சொந்தமாக்கிக் கொடுத்தது. ஆகவே பகை அளவோடு அன்று, பொய்யளவோடு.

நேர்மையாகச் செய்த ஒப்பு நம்மை நம்முடைய ஆசையிலிருந்தும் காப்பாற்றும். டானியல் கானமன் என்னும் மனநூல் அறிஞர் தம் அனுபவமொன்றை எழுதியிருக்கிறார். 1970-களில் இஸ்ரேலில் பள்ளிக்கூடப் பாடநூல் ஒன்றை எழுத அவரும் சிலரும் கூடினர். எத்தனை காலத்தில் முடியுமென்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னபோது, ஒன்றரை ஆண்டுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் இடையில் எழுதினர். பிறகு, இதே போன்ற வேலையை மேற்கொண்ட மற்றக் குழுக்கள் எத்தனை காலம் கொண்டன என்று அவர்களுள் அனுபவசாலியான ஒருவரைக் கேட்டார். பத்தில் நான்கு குழு முடிக்கவே இல்லை; முடித்தவற்றுள் 7 ஆண்டுக்குக் குறைந்தது எதுவுமில்லை என்றார் அவர். விந்தை யாதெனில், அந்த அனுபவசாலியும் தம் சீட்டில் மற்றவரைப் போலவே குறைவாக எழுதியிருந்தார். அந்நூல் முடிய 8 ஆண்டு ஆயிற்று. கேளாதவரை, கண்ணெதிரே இருந்த ஒப்பும் உதவாமற் போயிற்று.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதிகள் எளியவை. ஒன்றோடு மட்டும் ஒப்பிடாமல் பலவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒத்தவற்றை எழுதுவதோடு ஒவ்வாதவற்றையும் எழுத வேண்டும். மேடு, ஓடை, தூரம், வயது, மழை யாவும் கணக்கில் ஏற வேண்டும். சிறந்த ஆளின் சிறந்த நாளையல்ல, பலருடைய பல நாட்களை அளவாகக் கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் உண்மையில் எவ்வளவு ஆயிற்றென்று பார்த்து முதற்கணக்கைத் திருத்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அளவு குறிக்கும் மேசையில் வேலை செய்கிறவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

இது பழங்கதை என்று ஒதுக்கற்க. 2013 முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் அது மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நன்றே. ஆனால் அச்சம்பளத்திற்கு எவ்வளவு வேலை என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. நம் பெற்றோர் வெட்டிய நிரைகளில் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர். “அவர்கள் இவ்வளவு செய்கிறார்களே” என்று நம்மவரிடமும், “இவர்கள் இவ்வளவு செய்தார்களே” என்று அவர்களிடமும் சொல்லும் குரல் இன்றும் கேட்கின்றது. அன்று சீனரையும் தமிழரையும் பிரித்து நிறுத்திய அதே தராசு இது. அதில் மீண்டும் ஏறி நின்று ஒருவரையொருவர் இறக்கிவிடுவது நமக்கு அழகன்று.

தோட்டத் தோழர்களே, உங்கள் நிரையையும் நேரத்தையும் நிறுவையையும் நாள்தோறும் ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு ஒப்புக்காட்டுவதற்கு உங்கள் கையில் உங்கள் சான்று இருக்கும். என்னைப் போன்ற கிராணிமார்களுக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றே: எண்ணை எழுதுமுன் அந்தக் காட்டில் ஒரு நாள் நடவுங்கள்.